ஐம்பத்தோரு வாசல், ஐம்பத்தோரு பூட்டு

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2020-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றதைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். 'பன்னிரண்டு மாநிலங்களில் மட்டும் அவர் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது' என்ற ஒற்றை வரி பலரை உறுத்தியிருக்கிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு கேள்விகளுக்கு விடுமுறை.

அதிபர் தேர்தல் என்றால் நாடு முழுக்க ஒரே தேர்தல்தானே? ஒருவர் பெயர் ஒரு மாநிலத்தில் இருந்து பக்கத்து மாநிலத்தில் இல்லாமல் போவது எப்படி?
— வாசகர், திண்டுக்கல்

அங்கே நடப்பது ஒரே நாளில் 51 தேர்தல்கள். 50 மாநிலங்கள், அதோடு தலைநகர் வாஷிங்டன். அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர்கள் 538 எலெக்டர்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் மாநிலம்தோறும் தனி எலெக்டர் பட்டியல் உண்டு; மக்கள் போடும் வாக்கு அந்தப் பட்டியலுக்குத்தான். 270 பேர் ஆதரித்தால் அதிபர். அந்த எலெக்டர்களை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யும் என்று அரசியல் சட்டத்தின் 2-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வாக்குச்சீட்டில் யார் பெயரை அச்சடிப்பது என்பதும் மாநிலத்தின் விஷயம்.

நம்முடைய தேர்தல் ஆணையம் போல டெல்லியில் உட்கார்ந்து அறிவிக்கை வெளியிடும் அமைப்பு அங்கே இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலை 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்ற மாநில அதிகாரியிடம் இருக்கிறது. வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சருக்கும் அதே பதவிப் பெயர்தான். இவர் வேறு, அவர் வேறு.

ஜனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் எல்லா இடத்திலும் நிரந்தர இடம் உண்டு. மற்றவர்கள் ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாக நின்று தட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் பூட்டு வேறு, சாவி வேறு, கடை அடைக்கும் நேரம் வேறு.

2020 ஜூலையிலேயே கான்யே வெஸ்ட் மனு தாக்கல் செய்துவிட்டார் என்று செய்தி வந்ததே. பிறகு ஏன் அத்தனை இடத்தில் நிராகரிப்பு?
— வாசகி, நாகர்கோவில்

அந்தச் செய்தியில் சொன்ன மனு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் 'படிவம் 2'. அந்த ஆணையம் பணக் கணக்கு மட்டும் பார்க்கும். 5,000 டாலருக்கு மேல் வசூலித்தாலோ செலவழித்தாலோ 15 நாளுக்குள் அந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்ததால் ஒரு மாநிலத்தின் வாக்குச்சீட்டிலும் பெயர் ஏறாது. வருமான வரி கட்டுவதற்கும் கடை உரிமம் வாங்குவதற்கும் எவ்வளவு சம்பந்தமோ அவ்வளவுதான்.

2015-இல் கென்டக்கியில் ஒரு பூனையின் பெயரில் இந்தப் படிவம் பதிவானது. அதே ஆண்டு அயோவாவில் 15 வயதுப் பையன் ஒருவன் விளையாட்டுப் பெயரில் பதிவு செய்தான். வட கரோலினாவில் நடந்த ஒரு கருத்துக் கணிப்பில் அந்தப் பெயருக்கு 9 சதவீதம் கிடைத்தது! அதிபராக வேண்டுமானால் 35 வயது நிரம்ப வேண்டும், பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 14 ஆண்டு அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். படிவம் 2 இதையெல்லாம் சோதிப்பதில்லை.

கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறீர்கள். எத்தனை? எப்படி வாங்குகிறார்கள்? இதில் அப்படி என்ன சிரமம்?
— வாசகர், திருப்பூர்

எண்ணிக்கைக்கு ஒரு ஒழுங்கே கிடையாது. டென்னசியில் எலெக்டர் ஒருவருக்கு 25 வீதம், 11 எலெக்டருக்கு மொத்தம் 275 கையெழுத்து போதும். ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தியில் முடித்துவிடலாம். கலிபோர்னியாவில் 2024-இல் சுயேச்சைக்கு 2,19,403 தேவைப்பட்டது. நியூயார்க்கில் 45,000; அதுவும் ஆறே வாரத்தில். 2020 வரை அங்கே 15,000-ஆக இருந்ததை மூன்று மடங்காக்கிவிட்டார்கள்.

முரட்டுப் பூட்டு டெக்சாஸ். 2024-இல் 1,13,151 கையெழுத்து. மார்ச் 6 முதல் மே 13 வரைதான் அவகாசம். அதோடு, அந்த ஆண்டு எந்தக் கட்சியின் முதற்சுற்றுத் தேர்தலிலாவது (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 'பிரைமரி') வாக்களித்தவர் கையெழுத்துப் போடக் கூடாது. அரசியலில் அக்கறை உள்ளவர்கள் அத்தனை பேரும் மார்ச் 5 அன்றே வாக்களித்திருப்பார்கள். அக்கறை இல்லாதவர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஊரில் சாப்பிடாதவர்களை மட்டும் தேடிப் பந்திக்கு அழைப்பது போல.

இனி கணக்கு. ஒரு மாநிலம் 10,000 கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரத்தோடு போனால் மனு தள்ளுபடி, சந்தேகமே வேண்டாம். தெருவில் வாங்கும் கையெழுத்தில் நூற்றுக்கு 25 முதல் 40 வரை சரிபார்ப்பில் அடிபடுவது சாதாரணம். 65 சதவீதம் தேறும் என்று வைத்தால் 15,400 வேண்டும். எதிர்க்கட்சி வழக்கறிஞர் வந்து குடைவார் என்றால் 18,000 வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பழகிய ஒருவர் மணிக்குப் பத்துக் கையெழுத்து வாங்குவார். அப்படியானால் 1,800 மணி நேரம். எட்டுப் பேர் தினம் எட்டு மணி நேரம் நின்றால் நான்கு வாரம். மழை பெய்தால், வணிக வளாகக் காவலாளி விரட்டினால், இன்னும் ஒரு வாரம்.

படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரமம் புரியும். மேலே வேட்பாளர், துணை அதிபர் வேட்பாளர் பெயர்கள், முகவரிகள். பல மாநிலங்களில் எலெக்டர்கள் பட்டியலும் உண்டு. நடுவில் வரிசையாகக் கட்டங்கள்: கையெழுத்து, பெயர், வாக்காளர் பட்டியலில் உள்ள முகவரி, தேதி. அடியில், 'இவர்கள் எல்லாரும் என் கண் முன்னால் கையெழுத்திட்டார்கள்' என்று படிவத்தை எடுத்துச் சென்றவரின் உறுதிமொழி. சில மாநிலங்களில் அதை நோட்டரி முன்னால் போட வேண்டும்.

வரிவரியாக அடிபடும் காரணங்கள் பல. வீடு மாறிய பிறகு வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றாதவர். கணவனுக்கும் சேர்த்து மனைவி போட்டது. ஒரே ஆள் இரண்டு மாலை இரண்டு இடத்தில் போட்டது. ஒரு கவுண்டிக்காரர் — கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல — இன்னொரு கவுண்டியின் தாளில் போட்டது. நியூயார்க்கில் 'டவுன் அல்லது சிட்டி' என்ற கட்டம் பேர்போன பொறி. லாங் ஐலண்டின் லெவிட்டவுனில் குடியிருப்பவர் அந்தக் கட்டத்தில் 'லெவிட்டவுன்' என்றுதான் எழுதுவார். ஆனால் அது குடியிருப்புப் பகுதியின் பெயர். ஆவணக் கணக்கில் அவருடைய டவுன் ஹெம்ப்ஸ்டெட். இந்த மாதிரிக் காரணத்துக்காகவே நீதிமன்றம் கையெழுத்துகளை அடித்ததுண்டு.

ஒரு வரி போனால் ஒன்றுதான் போகும். அடியில் இருக்கும் உறுதிமொழி கெட்டால் முழுத் தாளும் போகும். தாளில் கடைசிக் கையெழுத்து 12-ஆம் தேதி, எடுத்துச் சென்றவரின் உறுதிமொழி 11-ஆம் தேதி என்றிருந்தால், இருபது பேரும் ஒரே அடியில் காலி.

கூலிக்கு ஆள் வைத்து வாங்கலாம். அதைத் தடை செய்யக் கூடாது என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கூலியைக் கையெழுத்துக் கணக்கில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஆளுக்கொரு வரி எழுதித் தாளைச் சுற்றி விடுவார்கள். கையெழுத்து ஒரே மாதிரி தெரியக் கூடாதாம். சிகாகோ அரசியலில் இதற்கு 'ரவுண்ட் டேபிள்' என்றே பெயர்.

2004-இல் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடர் பென்சில்வேனியாவில் 51,273 கையெழுத்து கொடுத்தார். தேவை 25,697. எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் தேறியது 18,818. 'மிக்கி மவுஸ்' கையெழுத்தெல்லாம் அதில் இருந்தது. பெயர் போனதோடு நிற்கவில்லை. சரிபார்த்த செலவுக்காக 81,102 டாலர் கட்டச் சொல்லி அவர் தரப்புக்கு உத்தரவும் வந்தது.

சரி, கான்யே வெஸ்ட் எங்கே எப்படித் தவறினார்? விவரமாகச் சொல்லுங்கள்.
— வாசகர், சிவகாசி

முதல் தவறு நாள்காட்டி. அவர் அறிவித்தது 2020 ஜூலை 4. டெக்சாஸில் சுயேச்சைகளுக்கான கடைசி நாள் மே மாதத்திலேயே முடிந்திருந்தது. அறிவித்த நாளன்றே சில மாநிலங்கள் கை நழுவிப் போயிருந்தன. மிச்சம் இருந்ததில் எங்கே பணம் கட்டினால் போதும், எங்கே ஆயிரம் கையெழுத்து போதும் என்று தேடிப் போனார்கள். ஓக்லஹோமாவில் ஜூலை 15, கடைசி நாளன்று, 35,000 டாலர் கட்டி முதல் இடத்தைப் பிடித்தார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 26 லட்சம் ரூபாய். இது நம்மூர் டெபாசிட் போலத் திரும்பி வராது. கொலராடோவில் 1,000 டாலரும் ஒன்பது எலெக்டர்களும் போதுமாக இருந்தது. ஐடஹோ, யூட்டா, மிசிசிபி எல்லாம் ஆயிரம் கையெழுத்து மாநிலங்கள்.

இல்லினாயில் வழக்கமாகச் சுயேச்சைக்கு 25,000 கையெழுத்து வேண்டும். கொரோனா காரணமாக நீதிமன்றம் அந்த ஆண்டு 2,500 ஆக்கியிருந்தது; அடித்தது அதிர்ஷ்டம். வெஸ்ட் தரப்பு கொடுத்தது 3,128. சரிபார்த்தபோது 1,928 செல்லாதவை, தேறியது 1,200. அந்த மாநிலத்தில் யாரும் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் மனு செல்லும் என்றே கொள்வார்கள். ஆட்சேபம் தெரிவிக்க ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு. பிரபலமானவருக்கு ஆட்சேபம் வராமல் இருக்குமா?

நியூ ஜெர்சியில் 800 கேட்டார்கள், 1,327 கொடுத்தார்கள். பல கையெழுத்துகள் ஒரே கையால் எழுதியவை போல இருப்பதாக ஆட்சேபம் வந்ததும் அவர்களே விலகிக்கொண்டார்கள். ஒகாயோவில் எண்ணிக்கையில் குறையில்லை. 5,000 கேட்ட இடத்தில் 15,000-ஐ ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அலுவலகத்தில் கொடுத்த வேட்பாளர் உறுதிமொழியில் இருந்த விவரமும் கையெழுத்தும், தெருவில் மக்களிடம் காட்டிய தாளில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. மொத்தமும் போயிற்று.

வர்ஜீனியாவில் 13 எலெக்டர்கள் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லாமல் தங்களிடம் வாங்கிவிட்டார்கள் என்று இரண்டு பேர் வழக்குப் போட, 13-இல் 11 உறுதிமொழிகள் செல்லாது என்றார் நீதிபதி. அரிசோனாவில் அவர் குடியரசுக் கட்சி வாக்காளராகப் பதிவாகியிருந்தது முதலில் குறுக்கே வந்தது. மேல்முறையீட்டில், எலெக்டர்கள் கையெழுத்து வேட்டை தொடங்கும் முன் கொடுக்க வேண்டிய விருப்பப் படிவத்தைக் கொடுக்கவில்லை என்பதே போதும் என்று மாநில உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

விஸ்கான்சின் கதை தனி. சட்டம்: ஆகஸ்ட் முதல் செவ்வாய், மாலை '5 மணிக்குப் பிந்தாமல்'. ஆகஸ்ட் 4 அன்று வெஸ்ட் தரப்பு ஆட்கள் கடைசி நிமிடத்தில் வந்தார்கள். கொரோனா காரணமாகக் கட்டடத்தின் கதவு பூட்டியிருந்தது. ஊழியர் திறந்து விட்டார். மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டிச் சில வினாடிகள். 14 வினாடிதான் என்றது அவர் தரப்பு. வழக்கறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார்: '5:00:59 வரை கடிகாரம் காட்டுவது 5 மணிதானே? 5:01 ஆனால்தான் பிந்தியது.' வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரு கட்சியாரும் சரிபாதியாக இருக்கும் ஆறு பேர் கொண்ட மாநிலத் தேர்தல் ஆணையம் 5-க்கு 1 என்று தள்ளுபடி செய்தது. நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இவ்வளவுக்கும் பிறகு கிடைத்தது சுமார் 70,000 வாக்கு. அதில் பத்தாயிரத்துக்கு மேல் டென்னசியில். செலவு ஒரு கோடி டாலருக்கு மேல். பெரும்பகுதி அவருடைய சொந்தப் பணம்.

கலிபோர்னியாவில் அவர் பெயர் இருந்ததாகப் படித்தேன். நீங்கள் சொல்லும் பன்னிரண்டில் அது இருக்கிறதா?
— வாசகி, கும்பகோணம்

இல்லை. அங்கே அவர் துணை அதிபர் வேட்பாளர்! 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் கட்சி' வேறொருவரை அதிபர் வேட்பாளராகவும் இவரைத் துணையாகவும் போட்டுவிட்டது. அந்தக் கட்சிக்கு அங்கே நிரந்தர இடம் உண்டு. பெயரில் 'இண்டிபெண்டன்ட்' இருப்பதால், கட்சி சாராதவர் என்று நினைத்துப் பலர் தவறுதலாக அதில் பதிவு செய்துகொள்வது அங்கே பழைய கதை.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. கையெழுத்து மலை ஏற முடியாதவர்கள், ஏற்கெனவே வாக்குச்சீட்டில் இடம் வைத்திருக்கும் குட்டிக் கட்சியைத் தேடிப் போவார்கள். 2024-இல் ராபர்ட் கென்னடி ஜூனியர் கலிபோர்னியாவில் இதே கட்சியின் வழியாக 2,19,403 கையெழுத்திலிருந்து தப்பினார். மிச்சிகனில் 'நேச்சுரல் லா கட்சி' அவருக்கு இடம் கொடுத்தது. இன்னொரு குறுக்கு வழி, புதுக் கட்சியே தொடங்கிவிடுவது. வட கரோலினாவில் சுயேச்சைக்கு 83,188 கையெழுத்து, புதுக் கட்சிக்கு 13,865. அவர் புதுக் கட்சி தொடங்கினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

துணை அதிபர் யார் என்று முடிவாகாமல் கையெழுத்து வாங்க முடியுமா?
— வாசகர், கோவில்பட்டி

பல மாநிலங்களில் முடியாது. அதனால்தான் பஸ் சீட்டில் துண்டு போடுவது போல ஒரு பெயரைப் போட்டு வைப்பார்கள். நம்மூர் 'மாற்று வேட்பாளர்' பிரதான வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதும் விலகிவிடுவார். அங்கே துண்டை எடுக்க விடும் மாநிலங்களும் உண்டு, விடாத மாநிலங்களும் உண்டு. 1992-இல் சுயேச்சையாக நின்ற கோடீஸ்வரர் ராஸ் பெரோ, அட்மிரல் ஸ்டாக்டேலைத் தற்காலிகமாகப் போட்டு வைத்தார். கடைசியில் அவரே நிஜ வேட்பாளராகி, தொலைக்காட்சி விவாத மேடையிலும் ஏற வேண்டியதாயிற்று. 2016-இல் சுயேச்சையாக நின்ற இவான் மக்மல்லினின் துணை வேட்பாளர் மிண்டி ஃபின். ஆனால் மக்மல்லின் பெயர் வந்த 11 மாநிலங்களில் பலவற்றின் சீட்டில் முதலில் போட்ட துண்டே அச்சாகி வந்தது.

நெவாடாவில் 2024-இல் கென்னடி தரப்பு துணை வேட்பாளர் பெயர் இல்லாமல் கையெழுத்து வாங்கியது. மாநிலத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். பதில் தவறாகச் சொல்லப்பட்டிருந்தது. சட்டத்தில் பெயர் கட்டாயம். மறுபடி முதலிலிருந்து. ஊழியர் வாய்மொழியாகச் சொன்னது சட்டப் புத்தகத்தை மாற்றாது. எழுத்தில் வாங்கினாலும் பிரிவு எண்ணைத் தாமே படித்துப் பார்த்துவிட வேண்டும்.

எலெக்டர் பட்டியல் வெறும் சடங்குதானே?
— வாசகர், வேலூர்

2024-இல் ஜார்ஜியாவில் அதிபர் வேட்பாளர்களான பேராசிரியர் கார்னெல் வெஸ்டும் கிளாடியா டெ லா குரூஸும் இதில்தான் மாட்டினார்கள். அந்த மாநிலத்தில் எலெக்டர்கள் 16 பேர். ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே 7,500 கையெழுத்துடன் மனு கொடுத்திருக்க வேண்டும் என்று செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாக்குச்சீட்டை மாற்ற நேரமில்லை. பெயர் சீட்டில் இருக்கும், வாக்கை எண்ண மாட்டார்கள் என்று அறிவிப்பு மாட்டினார்கள்.

கென்னடி குடும்பத்துப் பெயருக்கே நியூயார்க்கில் ஏன் இடமில்லாமல் போயிற்று?
— வாசகி, புதுச்சேரி

முகவரியால். நியூயார்க் மனுவில் அவர் கட்டோனா என்ற ஊரில் ஒரு நண்பர் வீட்டு அறையைத் தம் இருப்பிடமாகக் காட்டியிருந்தார். நிஜத்தில் வசித்தது கலிபோர்னியாவில், மனைவியோடு. அந்த அறையில் ஒரே ஒரு இரவு தங்கியதாக அவரே சாட்சியம் சொன்னார். 2024 ஆகஸ்ட் 12 அன்று நீதிபதி மனுவைச் செல்லாது என்றார். 45,000-க்கு மேல் வாங்கிய கையெழுத்தெல்லாம் குப்பைக்கு.

கலிபோர்னியா முகவரியையே கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். 12-ஆவது சட்டத்திருத்தப்படி ஒரு மாநிலத்து எலெக்டர், அதிபர், துணை அதிபர் இருவரையும் தம் மாநிலத்திலிருந்தே தேர்ந்தெடுக்க முடியாது. துணை வேட்பாளர் நிக்கோல் ஷனஹானும் கலிபோர்னியாக்காரர். அங்கே ஜெயித்தால் 54 எலெக்டர்கள் வீணாகும் அபாயம். 2000-இல் டெக்சாஸ்காரர் புஷ்ஷின் துணை வேட்பாளர் டிக் செனி இதே காரணத்துக்காக டெக்சாஸிலிருந்து வயோமிங்குக்குத் தம் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டார். அவருக்கு வயோமிங்கில் நிஜமாகவே வீடும் வேரும் இருந்தன, வழக்கில் தப்பினார்.

ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஆகஸ்ட் 23 அன்று பிரசாரத்தை நிறுத்திய கென்னடி, போட்டி கடுமையான மாநிலங்களில் பெயரை எடுக்கச் சொன்னார். வட கரோலினா உச்ச நீதிமன்றம் எடுக்கச் சொன்னது. அச்சாகி முடிந்த சீட்டுகளைத் தூக்கிப் போட்டு மறுபடி அச்சடித்தார்கள், தபால் வாக்கு தாமதமானது. மிச்சிகனும் விஸ்கான்சினும் எடுக்கவில்லை. போட்டியிலேயே இல்லாத அவருக்கு நாடு முழுக்க ஏழரை லட்சம் வாக்கு விழுந்தது.

கட்சித் தேர்தலில் தோற்றவர் சுயேச்சையாக நிற்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பல மாநிலங்களில் கூடாது. 'தோற்ற கோபக்காரர் சட்டம்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். 2012-இல் கேரி ஜான்சன் குடியரசுக் கட்சிப் போட்டியிலிருந்து விலகி லிபர்டேரியன் கட்சிக்குப் போனார். மிச்சிகனில் விலகல் கடிதத்துக்குக் கடைசி நேரம் மாலை 4. கடிதம் போய்ச் சேர்ந்தது 4:03. அதனால் அவரும் கட்சித் தேர்தலில் நின்று தோற்றவர் கணக்கில் சேர்ந்தார். மூன்று நிமிடத்தில் ஒரு மாநிலம் போயிற்று.

தலையில் பூட்ஸைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாராமே?
— வாசகி, ஈரோடு

வெர்மின் சுப்ரீம். பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டவர், அதனால் அப்படியே அச்சாகிறது. அவர் அடிக்கடி நிற்பது நியூ ஹாம்ப்ஷயர் முதற்சுற்றில்; 1,000 டாலரும் ஒரு படிவமும் கொடுத்தால் பெயர் வரும். அது கட்சிக்குள் நடக்கும் தேர்தல், நவம்பர் சீட்டு அல்ல.

பெயரே இல்லாவிட்டாலும் வாக்காளர் கையால் எழுதிப் போடலாம் என்கிறார்களே?
— வாசகர், கடலூர்

போடலாம், எண்ணுவார்களா என்பதுதான் கேள்வி. பல மாநிலங்களில் முன்கூட்டியே எலெக்டர் பட்டியலோடு பதிவு செய்த பெயரை எழுதினால்தான் கணக்கில் வரும். ஹவாய், லூசியானா, நெவாடா, ஓக்லஹோமா, தெற்கு டகோட்டா ஆகியவற்றில் எழுதிப் போடும் வழியே கிடையாது. ஹவாயின் தடை செல்லும் என்று 1992-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இவ்வளவு கெடுபிடி நியாயமா? நீதிமன்றம் கேட்காதா?
— வாசகர், மதுரை

கேட்டிருக்கிறது, அளவோடு. 1968-இல் ஒகாயோ புதுக் கட்சிக்கு 4,33,100 கையெழுத்து கேட்டது, அதுவும் பிப்ரவரிக்குள். ஜார்ஜ் வாலஸின் கட்சி உச்ச நீதிமன்றம் போய் வென்றது. 1980-இல் அதே ஒகாயோ சுயேச்சைகளுக்கு மார்ச் 20 என்று கெடு வைத்தது. ஜான் ஆண்டர்சன் வழக்கில் 1983-இல் அது செல்லாது என்றார்கள். தேர்தல் முடிந்து இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து! 1971-இல் ஜார்ஜியாவின் 5 சதவீதக் கையெழுத்து விதியை மட்டும் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வாக்குச்சீட்டு நாலு முழம் நீளக் கூடாது என்ற மாநிலங்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. கொலராடோவில் 2020-இல் 20-க்கும் மேற்பட்ட அதிபர் வேட்பாளர்கள். பிறகு தொகுதிக்கு 1,500 வீதம் 12,000 கையெழுத்து என்று மாற்றினார்கள். ஆனால் விதிகளை எழுதும் சட்டமன்றங்களில் உட்கார்ந்திருப்பது அந்த இரண்டு கட்சிகள்தான். பூட்டுக் கடைக்காரரிடமே போய்ப் பூட்டு அதிகம் என்று புகார் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லா வாசலையும் திறந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆண்டர்சன் 50 மாநிலத்திலும் பெயர் ஏற்றினார். பெரோ 1992 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், 'நீங்களே கையெழுத்து வாங்கி 50 மாநிலத்திலும் என் பெயரை ஏற்றுங்கள், நிற்கிறேன்' என்றார். ஏற்றிவிட்டார்கள். 18.9 சதவீத வாக்கு, எலெக்டர் ஒருவர்கூட இல்லை.

எங்கள் ஊர் 'தேர்தல் மன்னன்' பத்மராஜன் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் மனு போடுகிறார். அவருக்கு ஏன் இடம் கிடைப்பதில்லை?
— வாசகர், மேட்டூர்

நம் பூட்டு ஒன்றே ஒன்று, ஆனால் இரும்பு. வாக்களிக்கும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களில் 50 பேர் முன்மொழிய வேண்டும், 50 பேர் வழிமொழிய வேண்டும்; டெபாசிட் 15,000 ரூபாய். 1997-இல் வந்த விதி. அதற்கு முன் பத்துப் பத்துப் பேர், 2,500 ரூபாய். 1974-க்கு முன் அந்தப் பத்தும் இல்லை. 1967-இல் 17 பேர் களத்தில் இருந்தார்கள். 2022-இல் மிஞ்சியது முர்முவும் சின்ஹாவும் மட்டும். மேட்டூர் அணையை விட மேட்டூர்க்காரருக்கு அந்த நூறு கையெழுத்து உயரம்.

இலங்கையில் 2024-இல் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு இந்தத் தொல்லை இருந்ததா?
— வாசகி, யாழ்ப்பாணம்

கையெழுத்து வேட்டை இல்லை. ஆனால் சுயேச்சையாக ஜனாதிபதித் தேர்தலில் நிற்க, இப்போதோ முன்போ நாடாளுமன்ற உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். பா. அரியநேத்திரன் மட்டக்களப்பின் முன்னாள் உறுப்பினர் என்பதால் அந்தக் கதவு திறந்தது. கட்சி வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 50,000, சுயேச்சைக்கு 75,000 இலங்கை ரூபாய். சங்குச் சின்னத்தில் 2,26,343 வாக்கு. சிவில் சமூகத்திலிருந்து ஒரு பேராசிரியரையோ மதகுருவையோ நிறுத்தியிருந்தால், ஏற்கப்பட்ட கட்சி ஒன்றின் பெயரை இரவல் வாங்கியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் என் தம்பி மகன் 2028-இல் ஒரு சுயேச்சை வேட்பாளருக்குத் தொண்டராக வேலை செய்யப் போகிறானாம். முதலில் எதைக் கவனிக்கச் சொல்வது?
— வாசகர், தஞ்சாவூர்

வேட்பாளர் எந்தக் கட்சி வாக்காளராகப் பதிவாகியிருக்கிறார் என்று பார்த்து, தேவையானால் முந்தின ஆண்டே மாற்றச் சொல்லுங்கள். துணை வேட்பாளர் வேறு மாநிலத்துக்காரராக இருக்கட்டும். கையெழுத்து வேட்டைக்கு முன்பே பெயர் முடிவாகட்டும். எலெக்டர்களிடம் எதற்குக் கையெழுத்து என்று வாசித்துக் காட்டி வாங்கட்டும். நிரம்பிய தாள்களை அன்றன்றே வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுத் தேறும் விகிதத்தைக் குறித்து வர வேண்டும். ஓர் ஆளின் தாள்களில் மட்டும் விகிதம் சரிந்தால் அவரை நிறுத்திவிட வேண்டும்; எல்லாம் நூற்றுக்கு நூறு என்றால் இன்னும் உடனே. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்க வேண்டும். கடைசி நாளை நம்பாமல் ஒரு வாரம் முன்னால் கொடுக்கட்டும். அதற்கும் முந்தின நாள் நேரில் போய், எந்தக் கதவு திறந்திருக்கும், எந்த மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.